முன் ஃபோர்க்கை நீளமான ட்ரவலுக்கு மாத்துறது: எங்கட பக்கம் அடிக்கடி கேக்கிற கேள்வியள்

கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு எண்டு எல்லாப் பக்கமும் இப்ப மவுண்டன் பைக் வச்சிருக்கிற ஆக்கள் கூடிட்டினம், விடிய வெள்ளன குளக்கட்டுப் பக்கம் போனா ரெண்டு மூண்டு பேரையாவது காணலாம். அவையள் கேக்கிறதும் அனேகமா ஒரே விசயம்தான், 100 மில்லிமீற்றர் ட்ரவல் உள்ள ஃபோர்க்கை (முன் சில்லைப் பிடிச்சிருக்கிற, அடி விழேக்க உள்ளுக்குப் பதியிற கவர்) கழட்டிப்போட்டு 120 இல்லாட்டி 140 போடலாமோ, போட்டா றோட்டுக் குலுக்கம் குறையுமோ எண்டு. காசைச் செலவழிக்க முதல் விளங்கிக்கொள்ள வேண்டியதுகளை இதில ஒண்டா எழுதியிருக்கிறன்.

அண்ணை, ட்ரவல் எண்டுறதும் ஃபோர்க்கின்ர நீளம் எண்டுறதும் ஒண்டுதானே?

இல்லை, இதிலதான் கனபேர் குழம்புறது. ட்ரவல் எண்டா ஃபோர்க் எவ்வளவு உள்ளுக்குப் பதியும் எண்டுற அளவு. நீளம் எண்டா முன் சில்லு அச்சின்ர நடுவில இருந்து, ஹெட் ரியூப்பின்ர (ஃபிறேமின்ர முன்பக்கத்தில ஃபோர்க் தண்டு போற குழாய்) கீழ்ப் பெயாரிங் வந்து குந்துற இடம் வரைக்கும் உள்ள தூரம், அதை அக்சில் டு கிரவுன் எண்டு சொல்லுவினம். 29 இஞ்சிச் சில்லுக்குரிய 100 மில்லி ஃபோர்க் அண்ணளவா 500 மில்லி நீளம் வரும், 120 எண்டா 520 அளவில வரும். ஆனா ஒரே 120 ட்ரவல் எண்டு போட்டிருக்கிற ரெண்டு கொம்பனி ஃபோர்க் பத்து மில்லி வித்தியாசத்திலயும் இருக்கும். உங்கட ஃபிறேமுக்கு ட்ரவல் நம்பர் தெரியாது, அதுக்குத் தெரியிறது இந்த நீளம் மட்டும்தான். அதால வாங்க முதல் பைக்கின்ர முன்பக்கத்தைத் தூக்கிப்பிடிச்சு, ஃபோர்க் முழுசா நீண்டு நிக்கேக்க ரேப் வச்சு அளந்து எழுதி வையுங்கோ.

வன்னியில மலையே இல்லையே, பிறகென்னத்துக்கு நீளமான ட்ரவல்?

நியாயமான கேள்வி. எங்கட பக்கம் பெரிய இறக்கம், கல்லுப்படி, பாய்ச்சல் ஒண்டும் இல்லை, எல்லாம் கிரவல் றோட்டு, செம்மண் ஒழுங்கை, வாய்க்கால் கரை, காட்டுக்கரைப் பாதை. ஏ9 றோட்டில இருந்து ஒரு கிலோமீற்றர் உள்ளுக்கு இறங்கினாலே தெரியும். மாரி முடிய ட்ரக்டர் போன சுவடு அப்பிடியே காஞ்சு கட்டியாகிப்போய் நிக்கும், மதகடியில ஒரு வெட்டு இருக்கும், பாலை மரத்துக்குக் கீழால போனா வேர். இதுகளுக்கு 100 மில்லி ஒழுங்கா வேலைசெய்தாலே தாராளமாக் காணும். 120 போட்டா கை நோவு கொஞ்சம் குறையும், வேகமாப் போகேக்க பயமும் குறையும், அது உண்மை. 140 எங்கட நிலத்துக்குத் தேவையில்லை எண்டுதான் நான் சொல்லுவன், நீங்கள் நுவரெலியாப் பக்கம் மலையில ஓடப்போறீங்கள் எண்டா அதுக்கு அதுக்கெண்டு செய்த ஃபிறேமோட வாங்கிறதுதான் சரி.

இதில ஒரு விசயத்தைக் கொஞ்சம் விளக்கமாச் சொல்லவேணும், ஏனெண்டா வன்னியில ஆக்களைக் கூடக் கஷ்டப்படுத்திறது குழி இல்லை, கிரவல் றோட்டில குறுக்கால வாற அந்த அலைதான், கூரைத் தகரம் மாதிரி வரிவரியா வாறது. அந்த அலையில ஃபோர்க் ஒருக்காப் பதிஞ்சு திரும்பி மேல வாறதுக்கு முதல் அடுத்த அடி விழும், அதில இருந்து மேல வர முதல் அதுக்கு அடுத்தது விழும், இப்பிடியே படிப்படியாக் கீழ இறங்கி கடைசியில ஃபோர்க் பதிஞ்ச மாதிரியே நிண்டுபோடும், பிறகு கையில நேர அடிக்கும். அதுக்குக் காரணம் ட்ரவல் காணாதது இல்லை, றிபவுண்ட், அதாவது பதிஞ்ச ஃபோர்க் திரும்பி மேல வாற வேகம், மெதுவா இருக்கிறது, இல்லாட்டி உள்ளுக்க எண்ணெய் வத்தி ஃபோர்க் இறுகிக்கிடக்கிறது. 150 மில்லி போட்டாலும் றிபவுண்ட் பிழையெண்டா அதே நோவுதான்.

அப்ப காசு செலவழிக்க முதல் என்ன செய்து பாக்கலாம்?

மூண்டு வேலை. முதல் ரயர்க் காத்து. றோட்டோரக் கடையில லொறிக்கு அடிக்கிற கொம்பிரசரால அடிச்சா ரயர் கல்லு மாதிரி வரும், அவையில பிழையில்லை, சாதாரண சைக்கிளுக்கு அப்பிடித்தான் அடிக்கிறது. 2.2 இஞ்சி அகல ரயர், ரியூப் போட்டது, எழுபது கிலோ ஆள் எண்டா 28 இல இருந்து 32 பிஎஸ்ஐ வரைக்கும் விட்டுப்பாருங்கோ, பாதிக் குலுக்கம் அதிலயே போயிடும். முள்ளுக் கூடின இடம், பின்னுக்கு ஆளேத்தி ஓடுறது எண்டா பின் ரயருக்குக் கொஞ்சம் கூட வையுங்கோ.

ரெண்டாவது சாக். சாக் எண்டா நீங்கள் ஏறி நிக்கேக்க உங்கட பாரத்துக்கே ஃபோர்க் எவ்வளவு பதியுது எண்டுறது. ஃபோர்க் காலில ஒரு ரபர் வளையம் இருக்கும், இல்லாட்டி சின்ன கேபிள் ரை ஒண்டைக் கட்டி கீழ சீல் (எண்ணெய் வெளியில வராமலும் புழுதி உள்ளுக்குப் போகாமலும் தடுக்கிற ரபர்) வரைக்கும் தள்ளிவிட்டு, ஆரையும் பைக்கைப் பிடிக்கச் சொல்லி மெல்லமா ஏறி நிண்டுபோட்டு இறங்கிப் பாருங்கோ. 100 மில்லி ஃபோர்க்கில 20 இல இருந்து 25 மில்லி வரைக்கும் பதிஞ்சிருந்தாச் சரி. ஒண்டுமே பதியேல்லை எண்டா உங்களிட்ட ஃபோர்க் இருந்தும் இல்லாத மாதிரித்தான்.

மூண்டாவது ஃபோர்க்கைக் கழட்டித் துப்புரவாக்கி எண்ணெய் மாத்திறது. வாங்கின நாளில இருந்து ஒருக்காவும் திறக்காத ஃபோர்க்குகள்தான் எங்கட பக்கம் கனக்க ஓடுது. இவ்வளவும் செய்தும் காணாது எண்டாத்தான் கீழ உள்ளதை வாசியுங்கோ.

எவ்வளவு மில்லி கூட்டலாம்?

ஃபிறேம் செய்தவன் சொன்ன அளவுதான் கடைசி அளவு. சில ஃபிறேமுக்கு 100 தொடக்கம் 120 எண்டு போட்டிருக்கும், சிலதுக்கு அதுகூட இல்லை. ஒண்டும் தெரியாட்டி இப்ப இருக்கிற நீளத்தில இருந்து 20 மில்லிக்கு மேல போகாதேங்கோ. 80 ஓட வந்த பைக்குக்கு 100, 100 ஓட வந்ததுக்கு 120, அவ்வளவுதான்.

ஏன் எண்டா ஃபோர்க் எண்டுறது ஒரு நெம்புகோல். குழியில சில்லு இடிக்கேக்க அந்த விசை முழுக்க ஹெட் ரியூப்புக்கு, அதிலயும் ஹெட் ரியூப்பும் கீழ்க் குழாயும் சேருற ஒட்டுக்கு வருது. நீளம் கூடக் கூட அந்த ஒட்டுக்கு வாற விசையும் கூடும். விலை குறைஞ்ச அலுமினிய ஃபிறேமுகள் இதுக்கெண்டு செய்ததில்லை, அலுமினியம் கனகாலம் தாங்கிப்போட்டு ஒருநாள் திடீரெண்டு விடும். நீளமான ஃபோர்க் ஏற்கெனவே போட்டிருக்கிற ஆக்கள் ஹெட் ரியூப்புக்குப் பின்னால கீழ்ப்பக்கம் தூசியைத் துடைச்சுப்போட்டு ரோச் அடிச்சுப் பாருங்கோ, பெயின்ற்றில மயிர் மாதிரி ஒரு கோடு தெரிஞ்சா அதோட ஓடுறதை நிப்பாட்டுங்கோ. கீறல்தானே எண்டு விடுற விசயமில்லை, முன்பக்கம் கழண்டா முகம் அடிபட்டுத்தான் விழுவீங்கள். வாங்கிக் கனநாள் ஆகேல்லை எண்டா ஃபிறேம் வொறன்ரியும் இதால போகலாம், கடையில ஒருக்காக் கேட்டுப்போட்டு மாத்துங்கோ.

20 மில்லி கூட்டினா ஓட்டத்தில என்ன மாறும்?

ஹெட் கோணம், அதாவது ஹெட் ரியூப் நிக்கிற சரிவு, அண்ணளவா ஒரு பாகை படுக்கும். அதால வேகமாப் போகேக்க ஹாண்டில் நிதானமா நிக்கும், மணல் புதையிற இடத்தில முன் சில்லு அங்கயும் இங்கயும் இழுக்கிறது குறையும். ஆனா மெதுவாப் போகேக்க, சந்தையடிச் சனத்துக்குள்ள வளைக்கேக்க ஹாண்டில் கொஞ்சம் பாரமாத் தெரியும். பெடல் அச்சு ஏழு மில்லி அளவில உயரும், அது காஞ்ச சுவட்டுக்குள்ள ஓடுற எங்களுக்கு நல்லது, பெடல் அடிபடுறது குறையும். சீற் ஒரு பாகை பின்னுக்குச் சாயும், ஹாண்டில் உங்களுக்குக் கிட்டவா ஒரு சென்ரிமீற்றர் வரும், உயரமும் கூடும்.

இதெல்லாம் பைக்கைச் சும்மா நிப்பாட்டி வச்சுப் பாக்கிற கணக்கு. ஏறி ஓடேக்க சாக் இருக்கு எல்லோ. கால்வாசி சாக் எண்டு வச்சா 100 ஃபோர்க் 75 இல நிக்கும், 120 ஃபோர்க் 90 இல நிக்கும், அப்ப உண்மையான வித்தியாசம் 15 மில்லிதான். அதாலதான் 20 கூட்டிறதை ஃபிறேம் விட்டா நான் பயப்படாமல் செய்யச் சொல்லுறது.

மாத்தினாப் பிறகு குளக்கட்டு ஏத்தத்தில முன் சில்லு தூக்குதே?

ஸ்ரெம்முக்குக் (ஹாண்டிலை ஃபோர்க் தண்டோட சேர்த்துப் பிடிக்கிற துண்டு) கீழ இருக்கிற வளையங்களை மேல மாத்திப்போட்டு ஹாண்டிலை இறக்குங்கோ, ஸ்ரெம்மைத் தலைகீழாப் போட்டாலும் இறங்கும். சீற்றை ஒரு சென்ரிமீற்றர் முன்னுக்குத் தள்ளுங்கோ. ரெண்டும் செய்தா அனேகமாப் பழைய மாதிரி வந்திடும்.

புது ஃபோர்க் வாங்காமல் இருக்கிறதிலயே ட்ரவலைக் கூட்ட ஏலுமோ?

சிலதில ஏலும். றொக்சொக்ஸ் கொம்பனியின்ர எயார் ஃபோர்க் (ஸ்பிரிங்குக்குப் பதிலாக் காத்து அடைச்சது) கனக்கத்தில உள்ளுக்க இருக்கிற எயார் ஷாஃப்ட்டை நீளமானதா மாத்தினா ட்ரவல் கூடும், பழைய மொடலுகள் சிலதில உள்ளுக்க ஒரு பிளாஸ்ரிக் துண்டு போட்டுத்தான் ட்ரவலைக் குறைச்சிருக்கும், அதைக் கழட்டினாக் காணும். ஆனா அந்தந்த மொடலுக்கும் வருசத்துக்கும் உரிய சாமான்தான் சரிவரும், ஃபோர்க்கின்ர சீரியல் நம்பரை வச்சுத் தேடி அது எதுவரைக்கும் போகும் எண்டு பாத்துப்போட்டு வாங்குங்கோ. உங்கட ஃபோர்க் இந்த வகை எண்டா இதுதான் மலிவான வழி, மற்ற ஒண்டும் மாத்தத் தேவையில்லை. ஒரு விசயம், எயார் ஃபோர்க்கைத் திறக்க முதல் காத்து முழுக்க வெளியில விடவேணும், காத்து இருக்கேக்க திறந்தா உள்ள சாமான் பாய்ஞ்சு வந்து ஆளையே அடிக்கும்.

வாங்கேக்க என்னென்ன அளவு பொருந்தவேணும்?

காசு வீணாப்போறது இதிலதான், ட்ரவலைப் பாத்து வாங்கிப்போட்டு வீட்டை கொண்டுவந்து வச்சா ஏறாது.

முதல் தண்டு, அதுதான் ஹெட் ரியூப்புக்குள்ளால மேல வாற குழாய். ரெண்டு வகை இருக்கு. நேரான தண்டு மேலயும் கீழயும் ஒரே 28.6 மில்லி, அதின்ர அடியில பெயாரிங் வளையம் ஏறுற இடம் 30 மில்லி. மற்றது ரேப்பர், மேல 28.6, கீழ வரவரத் தடிச்சு வளையம் ஏறுற இடம் 39.8 மில்லி. வேணியர் இருக்கிற ஆரிட்டையும் வாங்கி அளந்து பாருங்கோ. ரேப்பர் ஹெட் ரியூப் உள்ள ஃபிறேமுக்கு நேர்த்தண்டு ஃபோர்க்கை ஒரு வளையம் வாங்கிப் போட்டுப் பொருத்தலாம். ஆனா நேர்த்தண்டுக்குச் செய்த ஃபிறேமுக்கு ரேப்பர் ஃபோர்க் ஏத்திறது அப்பிடி லேசில்லை. ஹெட் ரியூப்பின்ர உள்விட்டம் மேலயும் கீழயும் 44 மில்லி எண்டா, வெளியில நிக்கிற கீழ்க் கப் ஒண்டு போட்டு ரேப்பர் ஃபோர்க்கை ஏத்தலாம், ஆனா அந்தக் கப்பும் முன்பக்கத்தை இன்னும் பத்துப் பன்னிரண்டு மில்லி தூக்கும், அதையும் சேர்த்துத்தான் கணக்குப் பாக்கவேணும். 34 மில்லி ஹெட் ரியூப் எண்டா ரேப்பரை மறந்துவிடுங்கோ.

பிறகு சில்லு. 26 சில்லுக்கு நல்ல புது ஃபோர்க் எடுக்கிறது இப்ப கஷ்டம், 27.5 ஃபோர்க்குக்குள்ள 26 சில்லு போகும்தான், ஆனா ட்ரவல் ஒண்டெண்டாலும் அந்த ஃபோர்க் உயரம் கூட, அக்சில் டு கிரவுன் அளந்து பாக்காமல் வாங்கவேண்டாம்.

பிறகு அச்சு. பழைய பைக்குகளில 9 மில்லி குயிக் றிலீஸ், அகலம் 100 மில்லி. புது ஃபோர்க்குகள் 15 மில்லி தடிச்ச அச்சோட 100 அகலத்திலயோ 110 அகலத்திலயோ வரும், 110 ஐத்தான் பூஸ்ற் எண்டுறது. உங்கட ஹப் (அச்சுப் போற சில்லின்ர நடுப்பகுதி) அதுக்கு மாறுமோ எண்டு பாருங்கோ, மாறாட்டி முன் சில்லையும் சேர்த்துத்தான் வாங்கவேண்டி வரும், அந்தக் காசைப் பாத்தாக் கனபேர் மனசை மாத்திவிடுவினம்.

கடைசியாப் பிறேக். நல்ல எயார் ஃபோர்க் கனக்கத்தில வீ பிறேக் (சில்லு றிம்மைப் பிடிக்கிற பிறேக்) பூட்டுற கட்டை இல்லை, டிஸ்க் மட்டும்தான். டிஸ்க் கலிப்பர் பூட்டுற முறையும் பழசு புதுசு வித்தியாசப்படும், அதுக்கு அடப்ரர் வாங்கலாம், அது பெரிய விசயமில்லை.

லுமாலா மாதிரி சாதாரண சைக்கிளுக்குப் போடலாமோ?

வேண்டாம். அதின்ர தண்டு மேல புரி வெட்டினது, விட்டமும் வேற, ஃபிறேமும் பதியாத ஃபோர்க்குக்குச் செய்தது. அந்தச் சைக்கிள் அப்பிடியே நல்லா இருக்கு, ஐம்பது கிலோ நெல்லு மூட்டை ஏத்தி ஓடுற சைக்கிள் அது, அதில கைவைக்காதேங்கோ.

கொயிலோ, எயாரோ?

மலிவான பைக்கோட வாறது கொயில் ஸ்பிரிங் ஃபோர்க், சன்ரூர் எக்ஸ்சிரி மாதிரி, கால் தடிப்பு 28 மில்லி. பாரம் கூட, ஆளின்ர நிறைக்கு ஏத்தமாதிரி இறுக்கவும் ஏலாது, மேல இருக்கிற திருகி கொஞ்சம்தான் மாத்தும். ஐம்பது கிலோப் பெடியனும் தொண்ணூறு கிலோ ஆளும் ஒரே ஸ்பிரிங்கில ஓடினா ஒருத்தருக்கும் சரிவராது. எயார் எண்டா காத்தைக் கூட்டிக் குறைச்சு உங்கட பாரத்துக்கு வைக்கலாம், பாரமும் குறைவு. என்னைக் கேட்டா, 120 மில்லி கொயிலை விட 100 மில்லி நல்ல எயார் ஃபோர்க் எங்கட றோட்டுக்கு எத்தனையோ மடங்கு நல்லம். காசு ஒண்டுக்குத்தான் இருக்கெண்டா ட்ரவலுக்குக் குடுக்காதேங்கோ, எயாருக்கும் றிபவுண்ட் திருகி உள்ளதுக்கும் குடுங்கோ.

பாவிச்ச ஃபோர்க் வாங்கலாமோ?

வாங்கலாம், கொழும்பில விக்கிறவை பஸ்ஸில போட்டும் விடுவினம், ஆனா அனுப்ப முதல் தண்டின்ர நீளத்தை அளந்து சொல்லச்சொல்லுங்கோ. முதல் ஆள் தன்ர ஃபிறேமுக்கு வெட்டியிருப்பார். உங்கட ஹெட் ரியூப் நீளம், ரெண்டு பக்கப் பெயாரிங் உயரம், ஸ்ரெம் உயரம் மூண்டையும் கூட்டினதை விடக் கட்டையா இருந்தா எவ்வளவு மலிவா வந்தாலும் வேண்டாம். கால் ரெண்டையும் நகத்தால மேல கீழ தடவிப்பாத்தா கீறல் இருந்தா நகம் தட்டும், பூச்சுத் தேஞ்சு நிறம் மாறியிருந்தா அதுவும் முடிஞ்ச ஃபோர்க். சீலடியில எண்ணெய் வடிஞ்சு புழுதி ஒட்டியிருந்தா சீல் மாத்தவேணும், அது செய்யலாம், அந்தக் காசைக் குறைச்சுக் கேளுங்கோ.

நானே பூட்டலாமோ?

கை பழகின ஆள் எண்டா ஓம். பழைய ஃபோர்க்கின்ர அடியில இருக்கிற பெயாரிங் வளையத்தைக் கழட்டி புதுசுக்கு ஏத்தவேணும், உளியாலயோ ஸ்குறு டிறைவராலயோ ஒரு பக்கமா அடிச்சா வளையம் கோணும், ரெண்டு பக்கமும் மாறிமாறிக் கொஞ்சம் கொஞ்சமாத் தட்டுங்கோ. ஏத்தேக்க அளவான பைப் துண்டு ஒண்டை வச்சு நேராத் தட்டி முழுக்க இறக்கவேணும், மயிரிழை இடைவெளி விட்டாலும் பிறகு ஹெட்செற் (ஹெட் ரியூப்பில இருக்கிற அந்தப் பெயாரிங் தொகுதி) ஆடும்.

தண்டை வெட்ட முதல் எல்லாத்தையும் கோத்துப்பாத்து அடையாளம் போடுங்கோ, முதல் கூட விட்டு வெட்டுங்கோ, பிறகு குறைக்கலாம், கூட்ட ஏலாது. ஸ்ரெம்மின்ர மேல் விளிம்பை விடத் தண்டு மூண்டு மில்லி பதிஞ்சு நிக்கவேணும், வெட்டின வாயை அரத்தால மழுக்குங்கோ. மேல் மூடியின்ர போல்ற் பெயாரிங் ஆட்டத்தை எடுக்க மட்டும்தான், ஸ்ரெம்மைப் பிடிச்சு வைச்சிருக்கிறது அதின்ர பக்க போல்ற்றுகள். முதல் மூடியை மெல்லமா இறுக்கி, முன் பிறேக்கைப் பிடிச்சு பைக்கை முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டி ஹெட்செற்றில விரல் வச்சுப் பாருங்கோ, ஆட்டம் இல்லை, ஆனா ஹாண்டில் லேசாத் திரும்புது எண்டா அதுக்குப் பிறகு ஸ்ரெம்மை அதில போட்டிருக்கிற அளவுக்கு இறுக்குங்கோ, அனேகமா 5 நியூற்றன் மீற்றர்தான் வரும். வாகனத்துக்கு இறுக்கிற மாதிரி இறுக்கினா போல்ற் புரி கழண்டிடும்.

எயார் ஃபோர்க்குக்கு ஷொக் பம்ப் கட்டாயம். உள்ளுக்க இடம் கொஞ்சம், பிரஷர் கூட, கொம்பிரசர் வச்சா ஒரு நொடியில சீல் போயிடும்.

புழுதிக்கும் உப்புக்கும் என்ன செய்யுறது?

ஓடி வந்த உடன காஞ்ச துணியால கால் ரெண்டையும் சீல் ஓரத்தையும் துடையுங்கோ, செம்புழுதி அங்க ஒட்டியிருந்து அடுத்த ஓட்டத்தில உள்ளுக்குப் போகும். மண்ணெண்ணெய், டீசல் போட்டுக் கழுவ வேண்டாம், சேர்விஸ் ஸ்ரேசன் தண்ணியை நேர சீலுக்கு அடிக்க வேண்டாம். ஆனையிறவு, பூநகரி, நந்திக்கடல் பக்கம் ஓடுறவை நல்ல தண்ணியில மெல்லமாக் கழுவித் துடைக்கவேணும், உப்பு காலில நிண்டா துருப்புள்ளி விழும், அந்தப் புள்ளி சீலை வெட்டும். றொக்சொக்ஸ் 50 மணித்தியால ஓட்டத்துக்கு ஒருக்கா கீழ்க்காலைக் கழட்டி எண்ணெய் மாத்தச் சொல்லுது, ஃபொக்ஸ் 125 மணித்தியாலம் எண்டு சொல்லுது. எங்கட புழுதிக்கு 50 ஐப் பிடியுங்கோ. மாரியில வெள்ளத்துக்குள்ளால சில்லு அச்சு தாழ ஓடினா அதுக்குப் பிறகு மணித்தியாலக் கணக்குப் பாக்காமல் திறந்து பாருங்கோ.

புது ஃபோர்க்கை எங்க ஓடிப் பழகிறது?

தெரிஞ்ச இடத்தில, ஒரே பாதையில. இரணைமடு வாய்க்கால் கரை மாதிரி ஒரு பக்கம் எடுத்து, ஒவ்வொருக்காவும் ஒண்டை மட்டும் மாத்தி, காத்தோ றிபவுண்டோ, அதே பாதையில ஓடிப் பாத்தாத்தான் வித்தியாசம் பிடிபடும். ஃபோர்க் நல்லம் எண்டுறதுக்காகப் பாதையில்லாத காட்டுக்குள்ள இறக்காதேங்கோ. மிதிவெடி எடுத்து முடியாத இடங்கள் இன்னும் இருக்கு, சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்டா வந்த சுவட்டாலயே திரும்புங்கோ, பலகை இல்லாட்டியும் சனம் நடமாடாத பக்கம் போகவேண்டாம். பொழுதுபட்டா ஆனைக்கரைச்சல் வேற.

பழைய ஃபோர்க்கை வித்துவிடலாமோ?

உடன விக்காதேங்கோ. ஒரு மாசமாவது புதுசில ஓடி, ஹெட் ரியூப் ஒட்டைப் பாத்து, உங்கட இடுப்புக்கும் கைக்கும் ஒத்துவருது எண்டு தெரிஞ்சாப் பிறகு விக்கலாம். விக்கேக்க தண்டின்ர நீளத்தையும் அக்சில் டு கிரவுனையும் அளந்து எழுதிக் குடுங்கோ, வாங்கிற ஆளுக்கு முதல் தேவைப்படுறது அதுதான்.